வேலியில் தொங்கிய நெஞ்சு

1. பதினொரு வட்டம்

சரோஜாவின் நெஞ்சுக்குள் பதினொரு வட்டங்களை நான் எண்ணிய அன்று எனக்கு ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. முப்பத்தொரு வருடம் ரேடியோகிராபராக வேலை பார்த்தவள் நான். எக்ஸ்ரே மிஸ் என்றால்தான் ஊரில் ஆட்களுக்கு விளங்கும். வன்னியில் ஒரு ஆஸ்பத்திரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் பிழை விட்டவள் நான், ஆகவே கட்டடத்தின் பெயர் தேவையில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரோஜாவுக்கு நாற்பத்தாறு வயது. ஒட்டுசுட்டான் பக்கம் தோட்டம் செய்கிறவள். புருஷன் கடைசிச் சண்டையில் போய்விட்டார். சைக்கிளில் போகும்போது மாடு குறுக்கே வந்து விழுந்து, விலா நோகுது என்று வெளிநோயாளர் பகுதிக்கு வந்திருக்கிறாள். அங்கே எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டருக்கு முகம் சரியில்லை. விலா உடையவில்லை. ஆனால் நுரையீரலில் இருக்கக் கூடாத நிழல்கள் இருந்தன. உடனே சி.ரி. ஸ்கானுக்கு எழுதி என்னிடம் அனுப்பினார்.

சி.ரி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேக்கரிப் பாணை, அதாவது ரொட்டியை, மெல்லிய துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது போல, உடம்பைத் தட்டுத் தட்டாகப் பார்க்கிற படம் அது. கணினியில் மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டு போவோம். சரோஜாவின் படத்தை ஓட்டினேன். கறுப்பு நுரையீரலில் ஒரு சாம்பல் புள்ளி வந்தது. அது பெருத்து வட்டமானது, பிறகு சிறுத்து இல்லாமல் போனது. அது மூடும்போதே இன்னொன்று வேறு மூலையில் திறந்தது. யாரோ உள்ளேயிருந்து கண்ணைத் திறந்து என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு மூடுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல ஒழுங்கான வட்டம். எனக்குக் கை குளிர்ந்தது. ஏ.சி. குளிர் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு எண்ணி முடித்தேன்.

அவற்றுக்கு இடையில் நாலு இடத்தில் பளீரென்று வெள்ளை. அவை எனக்குப் பழக்கமானவை. சண்டையில் விழுந்த செல்லின், அதாவது எறிகணையின், இரும்புத் துண்டுகள். எங்கள் ஆட்கள் பீஸ் என்பார்கள். வன்னியில் சண்டைக் காலத்தைக் கண்ட ஆட்களைப் படம் எடுத்தால் எங்காவது ஒரு பீஸ் இருக்கும். அவர்களும் அதோடு உண்டு உறங்கிப் பழகிவிட்டார்கள்.

சரோஜா எழும்பி உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"எத்தினை மிஸ்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் பீஸைக் கேட்கிறாள் என்று விளங்கியது.

"நாலு," என்றேன்.

"அப்ப கூடேல்லை," என்று சிரித்தாள். "எண்ணி எண்ணிப் பாக்கிறனான் மிஸ். உள்ளுக்கை கிடந்து குட்டி போடுமோ எண்டு ஒரு பயம்."

நானும் சிரித்தேன். முடிவைச் சொல்வது எங்கள் வேலை இல்லை, டொக்டர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் இருப்பதற்கு அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

2. எங்கிருந்து வந்தது

எங்களுக்கு ரேடியோலொஜிஸ்ட், அதாவது படங்களை வாசித்து ரிப்போட் எழுதுகிற பெரிய டொக்டர், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். மெலிந்த மனிதர், அளந்து கதைப்பார். சரோஜாவின் படத்தை மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார்.

"வேற எங்கேயோ ஒரு கான்சர் இருந்து, அதில இருந்து பரவியிருக்கு மிஸ்," என்றார். "எங்கை எண்டு தேடோணும்."

தேடினார்கள். மார்பு, தைரொயிட், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார் ஒருவர். அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். சரோஜாவின் பீஸ் ஒன்று முள்ளந்தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காந்தம் அதை இழுத்தால் அவள் நடக்க மாட்டாள். அந்தக் கதவு அதோடு மூடியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஊசியால் ஒரு வட்டத்தில் இருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். ரிப்போட் வர ஒரு மாதம் சென்றது.

அந்த ஒரு மாதமும் சரோஜா கிளினிக்குக்கு வந்தபடி இருந்தாள். நுரையீரல் முழுக்கக் கான்சர் பரவினவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிழமைக்குக் கிழமை ஆள் கரைந்து போகும். இவள் எடையில் ஒரு இறாத்தலும் குறையவில்லை. இருமல் இல்லை. சைக்கிளில் புடலங்காய் கட்டிக்கொண்டு வந்து எங்களுக்குத் தருவாள். எங்களுக்கு உதவிக்கு நிற்கிற அற்றென்டன் அந்தப் புடலங்காயை வீட்டுக்குக் கொண்டுபோக மறுத்துவிட்டான்.

"படத்தில செத்த மனுசி, மிஸ். ஆள் முன்னால நிண்டு சிரிக்குது," என்றான். "எனக்கு அவவைப் பாக்கப் பயமாக் கிடக்கு."

அவனை ஏசினேன். ஆனால் அவள் வாசலில் நிழல் விழ வந்து நிற்கும்போது எனக்கும் ஒரு கணம் மூச்சு நின்றுதான் வரும். அதை மறைக்க மற்ற நோயாளிகளிடம் எரிந்து விழுவேன்.

கான்சராக இருக்கலாம் என்று கிளினிக் டொக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை. நேரே போய் அட்டனில் இருக்கிற தமையனுக்குப் போன் எடுத்தாள். அவளுக்கு இருப்பது ஒரே மகள், மதுஷா, பதினைந்து வயது. தாய் தகப்பன் கலவரத்துக்கு மலையகத்தில் இருந்து ஓடிவந்து குடியேறின ஆட்கள் என்பதால் வன்னியில் அவளுக்கு வேறு சொந்தம் இல்லை. தான் படுக்கையில் விழுவதற்கு முன் பிள்ளையைத் தமையன் வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கணக்கு.

"நான் இழுத்துப் பறிச்சுக் கிடக்கிறதை அவள் பாக்கக் கூடாது மிஸ்," என்றாள் என்னிடம். "வாற சனிக்கிழமை அண்ணன் வாறார். கூட்டிக்கொண்டு போயிடுவார்."

"பிள்ளை என்ன சொல்லுது?"

"உடுப்புப் பையைக் கட்ட விடுறாளில்லை. நான் கட்டுறன், அவள் அவிழ்க்கிறாள்."

இது அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னது. ஊசி ரிப்போட் அன்றுதான் வந்திருந்தது. அதில் ஒரு விசித்திரம். எடுத்த துண்டு தசையாம். நுரையீரலில் அப்படிக் கட்டியாக இருக்கக் கூடாத ஒரு வகைத் தசை. பார்வைக்குக் கெட்ட குணம் தெரியவில்லை, ஆனால் துண்டு மிகச் சிறியது, உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார்கள். ரேடியோலொஜிஸ்ட் டொக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, அடிவயிற்றையும் ஒரு சி.ரி. எடுக்கச் சொன்னார்.

மேசையில் படுக்க வைத்துச் சேலையை இறக்கினேன். தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு.

"இதுவும் செல்லோ?" என்றேன். என் கைவேலையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். அது எங்களுடைய ஊர் வழக்கம். தழும்பைக் கண்டால் செல்லோ, துப்பாக்கி ரவுண்ட்ஸோ என்று கேட்போம், ஆளும் தலையாட்டும், அதோடு முடிந்தது. அவளுடைய கிளினிக் கொப்பியிலும் அப்படித்தான் இருந்தது. ஒப்பரேஷன் செய்ததா, ஓம், யுத்த காயம்.

"இல்லை மிஸ். அது கர்ப்பப்பை எடுத்தது. பத்து வருசமாகுது. பெரிய கட்டிகள் கிடந்தது. நல்ல கட்டிதான், பயமில்லை எண்டு சொன்னவை. ஆனா ரத்தம் நிக்கேல்லை, எடுத்துப்போட்டினம்."

"இதை ஏன் தங்கச்சி ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஒப்பரேஷன் செய்ததோ எண்டு கேட்டினம், ஓம் எண்டனான். தழும்பைப் பாத்திட்டு அவையே எழுதிச்சினம். என்ன ஒப்பரேஷன் எண்டு ஆர் கேட்டது?"

பிறகு குரலைத் தாழ்த்தினாள். அறையில் நாங்கள் இருவர்தான்.

"உங்களுக்குச் சொன்னாச் சிரிப்பியள். கர்ப்பப்பை இல்லாட்டியும் மாசத்தில ஒரு மூண்டு நாள் எனக்கு நெஞ்சு கனக்கும் மிஸ். முந்தி அடிவயிறு கனக்கிற மாதிரியே. கணக்குத் தப்பாமல் வரும்."

நான் சிரிக்கவில்லை. முழங்கையில் மயிர் சிலிர்த்து நின்றது. பத்து வருடத்துக்கு முன் வெட்டி எடுத்து எறிந்துவிட்ட ஒன்று, மேலே மூச்சுப் பைக்குள் குடியிருந்து மாதக் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறதா என்று நினைத்தேன். அந்த நினைப்போடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்துவது சுகமான வேலை இல்லை.

ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

"வாசிச்சிருக்கிறன். பார்த்ததில்லை," என்றார். "கர்ப்பப்பையில வாற பைப்ரொயிட் கட்டி, கான்சர் இல்லாதது, மிகக் குறைச்சலான ஆக்களில ரத்தத்தோட போய் நுரையீரலில இருந்து வளரும். நல்ல கட்டி, ஆனா பரவும். நெஞ்சு கனக்கிறது அதாலையோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது."

"அப்ப கான்சர் இல்லை, டொக்டர்?"

"அவசரப்படாதேங்கோ. அதே தசையில வாற கான்சரும் இருக்கு. சின்னத் துண்டில ரெண்டும் ஒரே மாதிரித் தெரியும். வித்தியாசம் வேகத்திலதான். கான்சர் எண்டா மாதக் கணக்கில வளரும். இது வருசக் கணக்கிலயும் அசையாமல் கிடக்கும். அவவின்ரை பழைய நெஞ்சுப் படம் ஒண்டு வேணும், நாலஞ்சு வருசமாவது பழசு. வெள்ளிக்கிழமை நான் வரேக்கை அது இருந்தாப் பாப்பம். இல்லாட்டி கான்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான்."

3. பழைய பதிவு

பழைய பதிவுப் புத்தகங்கள் முன்பு டார்க் ரூமாக இருந்த அறையில் கிடந்தன. பிலிம் கழுவுகிற காலம் முடிந்த பிறகு அந்த அறையை யாரும் பாவிப்பதில்லை. மருந்துத் தண்ணீரின் புளித்த வாசம் மட்டும் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. அன்று பின்னேரம் முழுக்க அங்கே நின்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

எட்டு வருடத்துக்கு முந்திய புத்தகத்தில் இருந்தது. சரோஜாவின் பெயர், வயது, ஊர், நெஞ்சு எக்ஸ்ரே. காய்ச்சலோடு வந்திருக்கிறாள். ஓரத்தில் என் கையெழுத்து: பழைய பீஸ் 4.

அப்படி ஓரத்தில் எழுதுகிற வழக்கத்தைத் தொடங்கி வைத்தவளே நான்தான். தெற்கில் இருந்து புதிதாக வருகிற டொக்டர்மார் படத்தில் இரும்பைக் கண்டு பதறுவார்கள். பதறாமல் இருக்கட்டும் என்று படத்தோடு போகிற துண்டுக் கடதாசியிலும் அப்படியே எழுதிவிடுவேன். பழைய பீஸ் என்று கண்டால் அவர்களும் நிம்மதியாக அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரி என்று என்னைப் புகழ்ந்தவர்களும் உண்டு.

படத்தை நாங்கள் வைத்திருப்பதில்லை, நோயாளியிடமே கொடுத்துவிடுவோம். சரோஜாவுக்குப் போன் எடுத்தேன்.

"பழைய எக்ஸ்ரேயோ? ஓம், கிடக்கு மிஸ்."

"எங்கை? அலுமாரியிலயோ?"

"இல்லை. தோட்டத்தில, வேலியில கட்டிக் கிடக்கு."

4. வேலி

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஒட்டுசுட்டான் சந்தியில் மதுஷா சைக்கிளோடு நின்றாள். சரோஜா பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ கடிதம் வாங்கப் போயிருந்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னே நடந்தாள். காட்டு ஓரமாக ஒரு மண் பாதை. உச்சி வெயில். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

தோட்டம் வருவதற்கு முன்பே சத்தம் கேட்டது. டக், டக் என்று காய்ந்த எலும்பு முட்டுகிற மாதிரி.

"என்னது அது?"

"படங்கள் மிஸ். காத்துக்கு அடிபடுது."

கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார்கள். மயிலும் குரங்கும் விடுவதில்லை. பழைய எக்ஸ்ரே பிலிமை வேலிக் கம்பியில் வரிசையாகக் கட்டிவிட்டால் வெயிலுக்கு மின்னும், காற்றுக்குச் சத்தம் போடும், மயில் கிட்ட வராது. ஊரில் எல்லா வீட்டிலும் பிலிம் இருக்கிறது. அக்கம்பக்கம் வேண்டாம் என்று கொடுத்ததையும் சேர்த்து சரோஜா தோட்டத்தைச் சுற்றிவரக் கட்டியிருந்தாள்.

முப்பத்தொரு வருடம் நான் இந்தப் படங்களோடு வாழ்ந்தவள். ஆனால் அவற்றை அப்படிப் பார்த்ததில்லை. நெஞ்சுகள், முழங்கால்கள், ஒரு மண்டையோடு, விரிந்த கைகள். எல்லாம் கம்பியில் தொங்கி ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் எங்காவது ஒரு வெள்ளைத் துண்டு. வெயில் அவற்றுக்குள்ளால் வந்து, மணலில் விலா எலும்புகளின் நிழலை விழுத்தியது. காற்று வரும்போது நிழல் நெஞ்சுகள் விரிந்து சுருங்கின. நிலம் மூச்சு விடுகிறது என்று எனக்குத் தோன்றியது. பகல் பன்னிரண்டு மணிக்கு, கண் கூசுகிற வெளிச்சத்தில், நான் பயந்தேன்.

மதுஷாவுக்கு அது ஒன்றுமில்லை. மரங்களின் பெயர் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

"இது வேலுப்பிள்ளை அப்பான்ரை கால். இது முன்வீட்டுப் பெரியம்மாட கை, அவா செத்திட்டா. இந்த மண்டை ஆரெண்டு தெரியாது. இதுதான் அம்மா."

அவள் அம்மா என்று காட்டியது தோட்டத்து வாசல் படலைக்கு அருகில் இருந்தது.

"எப்பிடி உனக்குத் தெரியும்?"

"சின்னனில இருந்து தெரியும் மிஸ். தண்ணி இறைக்கேக்கை வெயில் சுட்டா இதின்ரை நிழலுக்கை வந்து நிப்பன். அம்மா, அம்மா எண்டு சொல்லிக்கொண்டு நிப்பன்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். வலப்பக்கத்தைக் காட்டுகிற ஈய எழுத்தை நான் எப்போதும் கொஞ்சம் சரித்து வைப்பேன். சரிந்தே இருந்தது. அது என் படம்தான்.

எட்டு வருட மழை இடப்பக்கத்தை அரித்து, பூஞ்சணம் பிடித்த தோல் போலாக்கியிருந்தது. வலப்பக்கம் தப்பியிருந்தது. கம்பியை அவிழ்த்து, சேலைத் தலைப்பால் துடைத்து, சூரியனுக்கு நேரே பிடித்தேன். மூன்று பீஸ் பளீரென்று தெரிந்தன. பிறகு கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகியது. பீஸுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் வட்டம். அதற்குக் கீழே இரண்டு. விலாவின் ஓரத்தில் ஒன்று. இதயத்தின் நிழலுக்குள் பாதி மறைந்து இன்னொன்று. ஐந்து.

அவை அன்றைக்கே இருந்தன. நான் அவற்றை என் கையாலேயே படம் எடுத்து, என் கையாலேயே கழுவி, வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்து, பழைய பீஸ் நாலு என்று எழுதியிருக்கிறேன். இரும்பைப் பார்த்த கண் அதற்குப் பக்கத்தில் போகவில்லை. வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மிஸ் தெரியுது?" என்று மதுஷா கேட்டாள். "அம்மா சாகப்போறாவோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. டொக்டர்தான் சொல்லோணும்," என்றேன். இந்த முறை அந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

பஸ் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். பிலிம் மழையில் அழிந்து போயிற்று என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஐந்து மாதத்தில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த எண்ணம் வந்தது, கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்தும் இருந்தது. படலையடியில் அந்தப் பிள்ளை அவிழ்த்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் இடத்தைப் பார்த்து நின்றது நினைவுக்கு வந்தது. பஸ் வந்ததும் பிலிமை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

5. வெள்ளிக்கிழமை

டொக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சைக்கிளில் விழுந்த அன்று எடுத்தது, மற்றது வேலியில் இருந்து வந்தது. அடிமட்டத்தை எடுத்து ஒவ்வொரு வட்டமாக அளந்தார்.

"இடம் மாறேல்லை," என்றார். "அளவும் கிட்டத்தட்ட அப்பிடியே. ஒரு மில்லிமீற்றர், ரெண்டு மில்லிமீற்றர். எட்டு வருசத்தில."

"அப்ப?"

"கான்சர் இவ்வளவு பொறுமையா இராது மிஸ்." நான் அவர் சிரித்துக் கண்டது அன்றுதான். பிறகு பழைய படத்தின் மூலையைப் பார்த்தார். "இதை ஆர் எடுத்தது? அப்பவே இருந்திருக்கு, ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நான்தான் டொக்டர். பழைய பீஸ் எண்டு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். அவர் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானும் முதலில பீஸைத்தான் பார்த்தனான்," என்றார்.

சரோஜாவை உள்ளே கூப்பிட்டார். கர்ப்பப்பை எடுத்த ஆஸ்பத்திரியில் பழைய சதைத் துண்டை வைத்திருப்பார்கள், அதை வாங்கி இதோடு ஒப்பிட வேண்டும், அது வரும்வரை சத்தியம் பண்ண மாட்டேன் என்று நிதானமாக விளங்கப்படுத்தினார். பிறகு, "நாளைக்குப் பிள்ளையை அனுப்பாதேங்கோ," என்றார்.

சரோஜா கேட்டது இதுதான்.

"அப்ப அதுகள் உள்ளுக்கையே கிடக்குமோ டொக்டர்?"

"கிடக்கும். வருசா வருசம் படம் எடுத்துப் பாப்பம். வளந்தா அதுக்கு மருந்து இருக்கு."

"பரவாயில்லை. நாங்களும் எத்தினை இடத்துக்கு இடம்பெயர்ந்து போய் இருந்தனாங்கள். சண்டை பிடிக்காமல் இருந்தாச் சரி."

பழைய சதைத் துண்டின் ரிப்போட் மூன்று கிழமையில் வந்தது. இரண்டும் ஒன்று. பினைன் மெற்றாஸ்ரசைசிங் லையோமயோமா என்று வாய்க்குள் நுழையாத ஒரு பெயரை டொக்டர் எழுதினார். கான்சர் இல்லை. தமையன் சொன்னபடி அந்தச் சனிக்கிழமையே அட்டனில் இருந்து வந்து, மதுஷாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டுத் தனியே திரும்பிப் போனார்.

6. சரோஜா கேட்டது

அவளிடம் சொல்லாமல் ஓய்வு பெற முடியாது என்று எனக்குத் தெரியும். அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"தங்கச்சி, எட்டு வருசத்துக்கு முதல் உம்மடை படத்தில இது இருந்தது. நான் பாக்கேல்லை. பீஸை மட்டும் பார்த்திட்டு விட்டிட்டன். என்ரை பிழை."

ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தியளெண்டா மதுஷாவுக்கு ஏழு வயசு மிஸ். அண்டைக்கே கான்சர் எண்டு நினைச்சு அண்ணனிட்டைக் குடுத்திருப்பன். எட்டு வருசம் பிள்ளையோட இருந்தனே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு எழும்பினவள், கதவைத் திறந்துகொண்டே திரும்பினாள். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எனக்கு நல்ல கட்டியாப் போச்சு. எல்லாருக்கும் அப்பிடி இராதுதானே மிஸ்?"

அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் பழைய டார்க் ரூமைத் திறந்தேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பின்னேரமும் அங்கேதான் இருந்தேன். ஓரத்தில் என் கையெழுத்தில் பழைய பீஸ் என்று இருந்த பெயர்களை ஒரு கொப்பியில் இறக்கினேன். டொக்டரிடம் காட்டி அவருடைய அனுமதியோடு ஒவ்வொருவராகத் தேடி, திரும்ப வந்து ஒரு படம் எடுங்கோ என்று கேட்டேன். வந்தவர்கள் அநேகம் பேர். அவர்களுடைய படங்களில் இரும்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தரமும் பெருமூச்சு விட்டேன்.

ஓமந்தைப் பக்கத்துப் போன் இலக்கம் ஒன்றுக்கு எடுத்தபோது ஒரு மனுசி பேசினா. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மிஸ் என்று என்னை அறிமுகப்படுத்தி, கணவரின் பெயரைச் சொன்னேன்.

"அவர் செத்து மூண்டு வருசம்," என்றா.

"என்ன வருத்தம் அம்மா?"

"நெஞ்சுக்கை கட்டி. கண்டுபிடிக்கேக்கை கடைசி. ஏன் கேக்கிறியள்?"

"அவரின்ரை பழைய படம் ஒண்டு இருந்தா, ஒருக்காப் பாக்கலாம் எண்டு..."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்துவது கேட்டது.

"இப்ப ஏன் மிஸ்?" என்றா.

கொப்பியில் அந்தப் பெயருக்கு எதிரே அவ கேட்டதையே எழுதி வைத்தேன்.

பிள்ளைகளே, வன்னியில் வேலைக்கு வந்தால் படத்தில் இரும்பைக் காண்பீர்கள். கண்டதை எழுதுங்கள். பிறகு அந்த வெள்ளையைக் கையால் மறைத்துவிட்டு, மிச்ச நெஞ்சை முதலில் இருந்து ஒருக்கால் பாருங்கள். தழும்பைக் கண்டால் அது என்ன தழும்பு என்று வாய் திறந்து கேளுங்கள். அந்த மனுசி என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் யாரும் கேட்கக் கூடாது.